பத்து கோலுக்கு இரண்டு பவுண்டு

ஹெட்கிளார்க் திடீரென்று லீவு போட்டால், 'நீ கொஞ்சம் பார்த்துக்கப்பா' என்று பக்கத்து சீட்காரன் தலையில் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட 'இன்சார்ஜ்' ஆசாமிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தவன் ஜோ பெய்ன்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்க டீமில் ஆடிக்கொண்டிருந்தவனை 1934-ல் லூட்டன் டவுன் கிளப் பிடித்துப் போட்டது. மூன்றாம் டிவிஷன், தெற்குப் பிரிவு. ஆளும் ரிசர்வ் டீம்தான். அதிலும் ஹாஃப்-பேக், கோல் போடுகிற வேலையே இல்லை.

1936 ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். பிரிஸ்டல் ரோவர்ஸுடன் ஆட்டம். லூட்டனின் சென்டர் ஃபார்வர்டுகளுக்கு அடிபட்டுவிட, வேறு ஆள் இல்லை. 'நீ நில்லுப்பா' என்று 22 வயசுப் பையனை முன்னால் நிறுத்தினார்கள். நின்றான். பத்து கோல் போட்டான். லூட்டன் 12, ரோவர்ஸ் 0. தொப்பி செய்வதற்குப் பேர்போன ஊர் லூட்டன். அங்கே ஒருத்தன் ஒரே மத்தியானத்தில் மூன்று ஹாட்ரிக் அடித்து, கொசுறாக ஒன்றும் போட்டிருக்கிறான். இங்கிலீஷ் லீகில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

அதற்கு நாலு மாசத்துக்குள்தான், 1935 டிசம்பர் 26-ல், டிரான்மியர் ரோவர்ஸின் பன்னி பெல் என்பவர் ஓல்டமுக்கு எதிராக 9 கோல் போட்டு ரிக்கார்டு செய்திருந்தார். அவரும் மூன்றாம் டிவிஷன்தான், வடக்குப் பிரிவு. அதே ஆட்டத்தில் ஒரு பெனால்டியைக் கோட்டை விட்டார், பாவம்!

சரி, பத்து கோலுக்கு நம்ம ஆளுக்கு என்ன கிடைத்தது? அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. அதுவும் பெரிய ஸ்டார்களுக்கு. கீழ் டிவிஷன்களில் பலருக்கு அதற்கும் குறைவு. ஜெயித்தால் போனஸ் 2 பவுண்டு. ஒரு கோலில் ஜெயித்தாலும் அதேதான், பன்னிரண்டில் ஜெயித்தாலும் அதேதான். டீமுக்கும் அப்படியே: 12-0 என்றாலும் இரண்டே பாயிண்ட். அந்த சீசனில் முதலிடத்துக்கு மட்டும்தான் பிரமோஷன். லூட்டன் ஒரே ஒரு பாயிண்டில் கவென்ட்ரியிடம் கோட்டை விட்டது!

'போங்கடா' என்று வேறு கிளப்புக்குப் போகலாமே என்பீர்கள். முடியாது சார். ஒப்பந்தம் ஒரு வருஷம்தான். ஆனால் முடிந்த பிறகும் கிளப் 'இவன் எங்களுக்கு வேணும்' என்று லிஸ்டில் எழுதிவிட்டால் வேறெங்கும் ஆட முடியாது. கொடுக்கிற சம்பளம் பிடிக்கவில்லை என்றால் சம்பளமே தராமல் உட்கார வைக்கலாம். நோட்டீஸ் பீரியட் ஆயுசு முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்களேன்! உச்சவரம்பு ஒழிந்தது 1961-ல். இந்தக் கொத்தடிமை விவகாரத்தை ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் கோர்ட்டுக்கு இழுத்து உடைத்தது 1963-ல்.

பெய்ன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அடுத்த சீசனில் 39 ஆட்டத்தில் 55 கோல்! லூட்டனுக்குப் பிரமோஷன். 1937 மே மாதம் இங்கிலாந்து அணிக்கே கூப்பிட்டார்கள், மூன்றாம் டிவிஷன்காரனை. ஹெல்சிங்கியில் ஃபின்லாந்துக்கு எதிராக 8-0, அதில் இவனுடையது இரண்டு.

1938 மார்ச்சில் செல்சி இவனை 5,000 பவுண்டுக்கு வாங்கியது. பணம் லூட்டனுக்கு. மாறிப் போகிற ஆட்டக்காரனுக்குச் சட்டப்படி அதிகபட்சம் 10 பவுண்டு கையெழுத்துக் காசு. ஒரு கோலுக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் பார்த்தார்களோ என்னவோ. அடுத்த வருஷமே யுத்தம். 1939-ல் லீக் மூன்று ஆட்டத்தோடு நின்று போயிற்று. ஏழு வருஷம் கழித்து மறுபடி தொடங்கியபோது பெய்னுக்கு 32 வயசு, உடம்பெல்லாம் காயம்.

இங்கிலாந்து அணிக்கு ஹெல்சிங்கிக்கு அப்புறம் கூப்பிடவே இல்லை. ஒரு மேட்ச், இரண்டு கோல். அன்றைக்கு நிஜமான சென்டர் ஃபார்வர்டு யார் லீவில் இருந்தாரோ!