510 குதிரைகளும் ஒரு பல் டாக்டரும்

மெல்பர்னில் இருக்கும் என் அக்கா மகன் பல் டாக்டர். ஐம்பதை நெருங்குகிறான். இரண்டு வருடம் முன்பு போர்ஷே 911 ஜிடி3 என்ற காரை வாங்கினான். உழைத்த காசு, வாங்கட்டும். போன மாதம் போனில், "மாமா, தார் ரோடு ரேலியில கலந்துக்கப் போறேன். கிளினிக்ல கூட வேலை செய்யற பிரெண்டு பக்கத்துல உட்கார்ந்து வழி படிக்கிறேன்னு சொல்லியிருக்கான்" என்றான். நான் பதில் சொல்லாமல் இருந்ததும், "நீங்கதானே சின்ன வயசுல கோர்ஸ் தீவு ரேலி கதையெல்லாம் சொல்வீங்க" என்று ஒரு போடு போட்டான்.

உண்மைதான், சொன்னவன் நான்தான். அதனால் இதை எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது. அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பவன்.

கோர்ஸ் என்று பிரெஞ்சில் நாங்கள் படித்ததை ஆங்கிலத்தில் கார்சிகா என்பார்கள். நெப்போலியன் பிறந்த தீவு. அங்கே 1956-ல் ஒரு ரேலி ஆரம்பித்தார்கள். 'பத்தாயிரம் வளைவுகளின் ரேலி' என்று அதற்குப் பட்டப்பெயர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒடுங்கிய தார் ரோடு. முதல் வருடம் ஜெயித்தது யார் தெரியுமா? ழில்பெர்த் திரியோன் என்ற பெண்மணி. ஓட்டிய கார் ரெனோ தோஃபின், 845 சிசி. எங்கள் தெருவில் ஒரு மிசியேவிடம் அந்தக் கார் இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வருகிற கார் அது! ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஜெயித்தார். இந்தக் கதையைத்தான் பையனுக்குச் சொன்னேன்.

முப்பது வருடம் கழித்து நடந்ததை அப்போது சொல்லவில்லை. சின்னப் பையனிடம் சொல்லும் விஷயமா அது? இப்போது சொல்கிறேன். 1985 மே 2-ஆம் தேதி அதே ரேலியில் அத்திலியோ பெத்தேகா என்ற இத்தாலியரின் லான்சியா மரத்தில் மோதியது. அவர் இறந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து, 1986-ல் அதே மே 2-ஆம் தேதி, ஹென்ரி தொய்வோனென் என்ற பின்லாந்துக்காரரும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்தோவும் வளைவிலிருந்து பள்ளத்தில் விழுந்து காரோடு எரிந்துபோனார்கள். அப்போது நான் ஆபீஸ் முடிந்து நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் புரட்டுவது வழக்கம். அந்தப் படத்தைப் பார்த்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கார் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, கருகிய கூடு மட்டும்தான்.

தொய்வோனெனுக்கு வயது 29. உலகத்தின் மிகத் திறமையான ரேலி ஓட்டுநர்களில் ஒருவர். அவர் ஓட்டிய லான்சியா டெல்டா எஸ்4 சுமார் 500 குதிரைச் சக்தி கொண்டது, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு உடனே கூடி, 'குரூப் பி' என்ற அந்த வகைக் கார்களே அடுத்த வருடத்திலிருந்து வேண்டாம் என்று நிறுத்தியது. இதையே தொழிலாகக் கொண்டு பத்து வருடம் ஓட்டியவர்களின் கைக்கே இது ஆகாது என்பதுதான் அந்த முடிவின் அர்த்தம்.

இப்போது என் மருமானின் காருக்கு எத்தனை குதிரை? 510.

எடை அரை டன் கூடுதல், பிரேக்கும் டயரும் எத்தனையோ மேல், எலெக்ட்ரானிக் காவல் உண்டு என்பான். எல்லாம் சரிதான். ஆனால் ஓட்டுகிற கை எது? வாரம் ஆறு நாள் பல் பிடுங்கும் கை! 1986-ல் தொழில்காரர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட வேகத்தை இன்று ஷோரூமில் தவணை முறையில் கொடுக்கிறார்கள்.

தார் ரோடு ரேலியின் சூட்சுமம் பலருக்குத் தெரியாது. மண் ரோட்டில் கார் சீக்கிரமே வழுக்கும். வழுக்குவதே ஓர் எச்சரிக்கை. தாரில் நல்ல டயர் கடைசி நிமிஷம் வரை பசை போட்ட மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கும். ஓட்டுபவனும் 'ஆஹா, நமக்கு ஓட்ட வந்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வான். பிடி விடும்போது முன்னறிவிப்பு இல்லாமல் விடும், அதுவும் பெரிய வேகத்தில். வேகம் இரட்டித்தால் மோதலின் பலம் நான்கு மடங்கு. பந்தய மைதானத்தில் விலகி ஓட இடம் விட்டிருப்பார்கள், சரளைப் படுகை இருக்கும், டயர் அடுக்கு இருக்கும். மலை ரோட்டு ஓரத்தில் இருப்பது மரம்தான்.

அடுத்து, வழிக் குறிப்பு. தொழில்காரர்கள் பந்தயத்துக்கு முன் அதே ரோட்டில் மெதுவாகப் போய், வளைவு வளைவாகத் தங்கள் கையால் எழுதிக்கொள்வார்கள். அமெச்சூர்கள் பலர் வேறொருவர் எழுதியதை விலைக்கு வாங்கிப் படிக்கிறார்கள். அடுத்தவன் நோட்டை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போன கதை எனக்குத் தெரியும். பிரெவே பரீட்சையில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் அப்படித்தான் கோட்டைவிட்டான். அவனுக்குப் போனது ஒரு வருடம் மட்டும்.

மருமான் இருக்கும் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. டாஸ்மேனியாத் தீவில் 1992-ல் 'டார்கா டாஸ்மேனியா' என்று ஆரம்பித்தார்கள். ரோட்டை மூடிவிட்டு, பணமும் காரும் ஆசையும் உள்ளவர்கள் தொழில்காரர்களோடு சேர்ந்து தீவு முழுக்க ஓட்டும் ரேலி. சிசிலியின் பழைய 'டார்கா ஃப்ளோரியோ' பந்தயத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிசிலிப் பந்தயத்தின் கதையை 1977-ல் ஒரு விபத்து முடித்துவைத்தது. 2021-ல் டாஸ்மேனியாவில் ஒரே ரேலியில் இரண்டு விபத்து, மூன்று பேர் பலி. ஒரு போர்ஷேவில் ஓட்டியவர், பக்கத்தில் இருந்தவர் இருவருமே போனார்கள். விசாரணை வைத்தார்கள், விதிகளை இறுக்கினார்கள். 2022-ல் திரும்ப நடத்தியபோது இன்னொருவர் போனார். அதன் பிறகுதான் நிறுத்திவைத்தார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் இறந்த மூவரில் ஒருவர் ஓட்டியது பழைய மாஸ்டா. ஆகவே எல்லாப் பழியையும் புதுக் காரின் தலையில் கட்ட முடியாது. ரேலியையே தடை செய் என்று நான் கேட்கவும் இல்லை. அப்படிக் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மூடிய ரோட்டில், ஹெல்மெட்டும் தீயணைப்பானும் ஆம்புலன்சும் வைத்து ஓட்டுவது, ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் உயிரை வாங்குகிறார்களே, அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு கோஷ்டி, "அவன் காசு, அவன் உயிர், உமக்கென்ன?" என்கிறது. பக்கத்து சீட்டில் தலையைக் குனிந்து பேப்பர் படிக்கிறவனுக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அது யார் உயிர்?

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவன் நான். கீழ்நிலை எழுத்தன் முதல் நாளே பெரிய கோப்பில் கையெழுத்துப் போட முடியாது. படி ஏறித்தான் வரவேண்டும். மோட்டார் விளையாட்டில் மட்டும் பர்ஸின் கனம் பார்த்து நேராக மாடிக்கு அனுப்புவது என்ன நிர்வாகம்? புதிதாக வருபவன் முதலில் சின்னக் காரில் ஓட்டட்டும். பிரான்சில் மாவட்ட ரேலிகளைப் பாருங்கள். மெக்கானிக்கும் ரொட்டிக்கடைக்காரனும் பழைய பேழோ 106, சித்ரோயன் சாக்ஸோவில்தான் வருகிறார்கள். 106 ரேலி என்ற கார் 1294 சிசி, சுமார் 100 குதிரை. அதை வேகமாக ஓட்டத்தான் திறமை வேண்டும், தப்பு செய்தால் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். அங்கேயும் விபத்து இல்லாமல் இல்லை. ஆனாலும் அதில் ஐந்து வருடம் ஓட்டி முடிக்காதவனுக்கு 500 குதிரைக் காரின் விண்ணப்பப் படிவத்தையே கொடுக்கக் கூடாது என்பேன். நடத்துபவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறையும். குறையட்டுமே.

டேய், ஆசை இருந்தால் உனக்கும் ஒரு சின்னக் கார் வாங்கு. உன் போர்ஷேவின் டயர் செலவில் பாதி வருமா? கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, கதை சொல்ல நான் இருக்கிறேன்.

போன ஞாயிறு இதையெல்லாம் போனில் சொன்னேன். "பார்க்கலாம் மாமா" என்றான். பெயர் கொடுக்க அடுத்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். அக்காவுக்கு இன்னும் தெரியாது. அவள் கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. படிக்கிறவர்கள் யாராவது கோயிலில் அவளைப் பார்த்தால் தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம்.