ஒரு வாய் அளவு

அமாவாசையன்று காகத்துக்கு அன்னம், வெள்ளிக்கிழமை பசுவுக்கு அகத்திக்கீரை, தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைந்து நாய்க்கு உணவு, திருக்குளத்து மீன்களுக்குப் பொரி என்று வாயில்லா ஜீவன்களுக்கு இடுவது நம் வழிபாட்டிலிருந்து பிரிக்க முடியாத வழக்கம். எல்லோராலும் செய்யக்கூடிய எளிய அறங்களைக் கூறுமிடத்தில் திருமூலர், இறைவனுக்கு ஒரு பச்சிலை சாத்துவதை அடுத்துப் பசுவுக்கு ஒரு வாய் தீனி கொடுப்பதை வைத்தார். ஒரு வாய் என்று அவர் அளவையும் சேர்த்தே சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது.

இன்று அந்த அளவைத்தான் பலர் மறந்துவிட்டனர். கோசாலை வாசலில் வாளி வாளியாகச் சர்க்கரைப் பொங்கல் வைக்கப்படுகிறது. மாட்டுப் பொங்கலன்று ஒரே பசுவுக்குப் பத்து வீட்டார் சோறு ஊட்டுகின்றனர். கொடுப்பவர் மனம் குளிர்கிறது. பசுவின் வயிறோ எரிகிறது.

பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம் புல்லையும் வைக்கோலையும் செரிக்க வைக்கின்றன. நார்ச்சத்துள்ள தீனிக்கே பழகிய அந்த அறைக்குள் சோறு, பொங்கல், இனிப்பு முதலியவை திடீரென மிகுதியாகச் சென்றால் அவை விரைவாகப் புளித்து அமிலமாகின்றன. பசு தீனி எடுக்காமல் நிற்கும், அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழிச்சல் காணும். உடனே கால்நடை மருத்துவர் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே பிரசாதம் கொடுத்தே ஆகவேண்டும் என்று விரும்புவோர் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்வது நலம். எஞ்சிய பணத்துக்குப் பசும்புல்லோ வைக்கோலோ வாங்கிக் கோசாலையில் ஒப்படைத்தால், பராமரிப்பவர்கள் வேளை அறிந்து போடுவார்கள்.

அளவைவிடக் கொடியது பிளாஸ்டிக் பை. விசேஷ வீட்டில் மீந்த உணவையும் இலையையும் பையில் கட்டி முடிச்சிட்டுத் தெருவோரம் வைத்துவிட்டு, மாடு தின்றுகொள்ளும் என்று எண்ணுவோர் உண்டு. மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோடு சேர்த்தே விழுங்கும். அந்தப் பை செரிப்பதில்லை. பெரும்பாலும் வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இரைப்பையிலேயே சேர்ந்து, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. வயிறு பெருத்த மாடு பார்வைக்குக் கொழுத்ததுபோல் தோன்றும். உண்மையில் அது பட்டினி கிடக்கிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவு அறுவை சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. கோமாதா என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாட்டில் நடந்தது இது. மீந்த உணவைத் திறந்த பாத்திரத்திலோ வெறும் இலையிலோ வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கீரைக்கட்டைக் கொடுக்கும்போதும் அதைச் சுற்றியுள்ள நூலையும் ரப்பர் வளையத்தையும் முதலில் நீக்கிவிட வேண்டும்.

அடுத்து நாய். பைரவரின் வாகனத்துக்கு நைவேத்தியத்தில் பங்கு கொடுப்பது தவறன்று. எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். சாக்லேட் நாய்களுக்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் அவற்றின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும் என்பதால், பாயசத்தையும் கேசரியையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. உப்பில்லாத தயிர்சாதம் ஒரு கை, அருகே ஒரு கிண்ணம் தண்ணீர் என்றால் போதும்.

உணவிடும் இடமும் முக்கியம். வீட்டு வாசலிலும், படிக்கட்டின் அருகிலும், குழந்தைகள் விளையாடுமிடத்திலும் வைத்தால் நாய்கள் அங்கேயே கூடி, வருவோர் போவோரைத் துரத்தும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், தெருக்களில் நாய்களுக்கு உணவிடலாகாது, அதற்கென உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்கும் இடங்களிலேயே இடவேண்டும் என்று உத்தரவிட்டது.

நாய் கடித்தாலோ நகத்தால் பிராண்டினாலோ, சிறு கீறல்தானே என்று பெரியவர்கள் பலர் மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகின்றனர். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கோபிப்பார்கள் என்ற தயக்கமும் ஒரு காரணம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவவேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். மருத்துவர் சொல்லும் நாள்களில் மீதி ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிக்கவேண்டும். வீட்டில் வளர்க்கும் நாயாயினும், குட்டியாயினும் இதுவே முறை.

திருக்குளத்து மீன்களுக்கும் அளவு உண்டு. அவை தின்றதுபோக மிஞ்சிய பொரியும் வெல்லமும் நீரில் அழுகும்போது, மீன்கள் சுவாசிக்க வேண்டிய பிராணவாயு குறைந்துபோகிறது. வெயில் காலத்தில் சில குளங்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பிடி பொரி போதும். பொரி வந்த பையைக் கையோடு எடுத்துவந்துவிட வேண்டும்.

சோளிங்கர் போன்ற மலைத்தலங்களில் குரங்குகளுக்குக் கையால் பழம் கொடுக்காதிருப்பதே நல்லது. கொடுத்துப் பழக்கினால் அவை பறிக்கக் கற்றுக்கொள்கின்றன. படியேறும் முதியவர் கைப்பையைப் பறிகொடுப்பதோடு, தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும். கோயில் யானைக்கு எதையும் நேரே நீட்டாமல் பாகனிடம் கேட்டே கொடுக்கவேண்டும். காட்டில் நாள் முழுதும் நடந்து தழை தின்னும் உயிர் அது. ஓரிடத்தில் நின்றபடி சோறும் வெல்லமும் உண்டால் உடல் பருத்து, காலும் பாதமும் நோகும். கோயில் யானைகளுக்கு நடையும் ஓய்வும் பசுந்தீவனமும் கிடைக்கவேண்டுமென்றே 2003-இல் முதுமலையில் புத்துணர்வு முகாம் தொடங்கப்பட்டது.

காகத்துக்கு வைக்கும் பிடி அன்னத்தில் யாதொரு குறையும் இல்லை. கோடையில் அதனோடு மொட்டைமாடியில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீரும் வைக்கலாம். சிறு பறவைகள் அமர்ந்து பருக உள்ளே ஒரு கல் இடுவது நல்லது. கொசு முட்டையிடாதிருக்க நாள்தோறும் சட்டியைக் கழுவி நீரை மாற்றவேண்டும். கோபுரத்தடியில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பதை மட்டும் விட்டுவிடலாம். அவற்றின் எச்சம் சுதைச் சிற்பங்களை அரிக்கும். எச்சத்தின் தூசி முதியவர்களின் நுரையீரலுக்கும் ஆகாது.

இவற்றுள் எதுவும் செலவு வைப்பதில்லை; செலவைக் குறைக்கவே செய்யும். கொடுக்கும் கை, அதைத் தின்னும் வாயையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதும். வரும் வெள்ளிக்கிழமை கீரைக்கட்டோடு கோயிலுக்குப் புறப்படும் பெரியோர், நூலை அவிழ்த்துவிட்டுக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.