ஒட்டுப்போட்ட ஆரவாரம்

1968 ஜனவரி 13ஆம் தேதி அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ், கலிபோர்னியாவின் ஃபோல்ஸம் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குப் பாடினார். அந்த இசைத்தட்டின் மேல் எனக்கு அலாதிப் பிரியம். பாட்டில் ஒருவன் தான் செய்த கொலையைச் சொன்னதும் ஒரு கைதி குதூகலமாய்க் கூவுவான். எனக்கு மயிர் சிலிர்க்கும். அந்தக் கூவல் பிற்பாடு ஒட்டியதாம்! காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கைதிகள் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஐயா, அந்த மௌனமல்லவா கச்சேரி? அதை அழிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சிறு வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் நாகஸ்வரக்காரர் தோடியை முடித்தபோது கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. எங்கோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கிற்று. இந்தப் புண்ணியவான்கள் கையில் அது அகப்பட்டிருந்தால், சிணுங்கலை வெட்டியெறிந்துவிட்டுக் கரகோஷத்தைச் சேர்த்திருப்பார்கள்.