ஒரு கடை, மூன்று பலகை

ஒரே துணிக்கடைக்காரர் சென்னை, பெங்களூரு, மும்பை மூன்றிலும் கிளை திறந்தால் பெயர்ப்பலகையை மூன்று விதமாக எழுத வேண்டும். சென்னையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதம். பெங்களூரில் 60 விழுக்காடு கன்னடம், அதுவும் பலகையின் மேல்பாதியில். மும்பையில் தேவநாகரி எழுத்தில் மராத்தி. மற்ற மொழியைவிட எழுத்து சிறுத்துவிடக் கூடாது. இதில் தவறேதும் இல்லை. எந்த ஊரில் கல்லா கட்டுகிறோமோ அந்த ஊர் மொழியில் பெயர் எழுதுவது மரியாதைதான்.

அமலாக்கம்தான் கூத்து. மும்பை வணிகர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2023 செப்டம்பரில் பலகையை மாற்ற இரண்டு மாதக் கெடுதான் கிடைத்தது. பெங்களூரில் அதே ஆண்டு டிசம்பரில் போராட்டக்காரர்கள் ஆங்கிலப் பலகைகளை உடைத்தார்கள். 60 விழுக்காட்டுக்கான சட்டத் திருத்தம் அதன் பிறகே வந்தது. நம் சென்னையிலோ விதி பல காலமாக இருக்கிறது. தி.நகரில் அண்ணாந்து பாருங்கள், பல கடைகளில் ஆங்கிலம் ஆளுயரம், தமிழ் ஒரு மூலையில், மூக்குக்கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில். திடீர் சோதனையும் அபராதமும் வேண்டாம். உரிமம் தரும் நாளிலேயே பலகையின் மாதிரியையும் வாங்கிப் பார்த்து மாநகராட்சி ஒப்புதல் தரட்டும்.