மரம் நல்ல மரம்தான். காணி ஆற்ற?



எங்கட காலநிலைக் கூட்டங்களில இப்ப ஒரு கதை அடிபடுது. குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைகளில் ஒரு மரம் நடுகிறார்களாம். அதன் குழையைத் தின்ற மாடு குறைவாக மீத்தேன் விடுமாம். ஆகவே ‘பசுமை இறைச்சி’யை இடதுசாரிகளும் ஆதரிக்க வேணுமாம். நான் எதிர்க்கிறேன்.

மரத்தோட எனக்குச் சண்டை இல்லை. லூசீனா என்பார்கள். ஊரில் இப்பில் இப்பில், தமிழ்நாட்டில் சவுண்டல், சூபாபுல். மெக்சிக்கோவின் பழங்குடிகள் விதையைச் சாப்பிட்டு வளர்த்த மரம். அங்குள்ள ஒஹாக்கா என்ற ஊருக்குப் பெயரே இந்த மரத்தால் வந்தது. பயற்றங் குடும்பம் என்பதால் காற்றிலிருக்கும் நைதரசனை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். வறட்சியிலும் பச்சையாக நிற்கும். இலையில் மிமோசின் என்றொரு நஞ்சு உண்டு, மாட்டுக்கு மயிர் கொட்டும். ஹவாயில் ஆடுகள் இதே குழையைத் தின்றும் சுகமாக இருந்ததைக் கவனித்தவர் அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ். அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் 1980களில் இங்கு கொண்டுவரப்பட்டது. இன்று குயின்ஸ்லாந்தில் 1,00,000 ஹெக்டேயருக்கு மேல் லூசீனா நிற்கிறது.

இவ்வளவும் சொல்லுவினம். அந்த மண்ணுக்கு ஏன் நைதரசன் தட்டுப்பட்டது என்று மட்டும் சொல்ல மாட்டினம்.

அங்க ஏற்கெனவே ஒரு மரம் நின்றது. பிரிகலோ. அதுவும் பயற்றங் குடும்பம்தான், அதுவும் மண்ணை வளமாக்கிய மரம்தான். 1960களில் அரசு சட்டம் போட்டு, கடன் கொடுத்து, அந்தக் காட்டை மாட்டுக்காக அழிப்பித்தது. இரண்டு புல்டோசருக்கு நடுவில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். மில்லியன் கணக்கான ஹெக்டேயர் போனது. மிஞ்சியது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வெட்டின இடத்தில் புல் போட்டார்கள். சில பத்தாண்டுகளில் மண் களைத்தது, மேய்ச்சல் மெலிந்தது. அதற்கு வைத்தியமாகத்தான் கடல் கடந்து இன்னொரு பயற்ற மரம் வந்தது. வீட்டை இடிச்சவனே கூடாரம் விற்க வாறான், நாங்கள் கை தட்ட வேணுமாம்.

அதற்கும் முந்திய கணக்கு ஒன்று இருக்கு. 1857க்குப் பிறகு டோசன் ஆற்றுப் பக்கம் யிமன் மக்களைக் குடியேறிகளும் அரசின் படையும் சேர்ந்து வேட்டையாடினார்கள். அந்தக் காணிதான் இன்று மேய்ச்சல் நிலம். கேப்பாப்புலவில் காணிக்காக ரோட்டில் இருந்த சனத்தைப் பற்றிக் கதைக்கிற நாங்கள், இங்க வந்து ‘மரம் நல்ல மரம்’ என்று சொல்லிவிட்டுப் போக ஏலாது.

பிலோயிலா என்றால் எங்கள் எல்லாருக்கும் விளங்கும். 2018 மார்ச்சில் விடியப்புறம் பிடித்துக்கொண்டு போன தமிழ்க் குடும்பத்தின் ஊர். தகப்பன் வேலை செய்தது அங்குள்ள இறைச்சி ஆலையில். அந்த ஊரும் இந்த மாட்டு நாட்டுக்குள்தான் இருக்கு. மாடு வெட்ட அகதியின் கை வேணும். அகதிக்கு வீடு திரும்ப 2022 ஜூன் வரை போராட வேண்டியிருந்தது. ‘பசுமை’ முத்திரையில் இந்தக் கை எங்க இருக்கு?

“மாடு எப்படியும் வளர்க்கத்தானே போகினம், மீத்தேன் குறைஞ்சால் நல்லதுதானே?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குறையிறது ஒரு கிலோ இறைச்சிக்கான கணக்கு. லூசீனா போட்ட நிலம் கூடுதல் மாட்டைத் தாங்கும். பண்ணையாளர் நடுவதே அதற்குத்தான். கிலோவுக்குக் குறைந்தாலும் மந்தை பெருத்தால் மொத்தம் எப்படிக் குறையும்? குயின்ஸ்லாந்தில் மேய்ச்சலுக்காகக் காடு வெட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. 2030க்குள் கார்பன் சமநிலை என்று இந்தத் தொழில்துறை 2017இல் அறிவித்ததையும் இதோடு சேர்த்து வாசியுங்கோ.

அடுத்த கூட்டத்தில் ‘பசுமை இறைச்சி’த் தீர்மானம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. காணி ஆற்ற? வெட்டுறது ஆர், அவருக்கு விசா இருக்கோ? மொத்த மாடு கூடுதோ குறையுதோ? மூன்றுக்கும் பதில் வராமல் கை உயர்த்தாதேங்கோ.