சம்பளமில்லாக் கோடை

ஏப்ரல் கடைசியில் பருவத் தேர்வு முடிந்ததும் தமிழ்நாட்டின் கல்லூரி மாணவர்கள் ஏராளமானோர் வேலைக்குப் போகிறார்கள். வைகாசி முகூர்த்தங்களுக்குக் கேட்டரிங், பள்ளி திறப்பதற்கு முன்னால் ஜவுளிக்கடையிலும் நோட்டுப் புத்தகப் பைண்டிங்கிலும் கூடுதல் கை, திருப்பூரில் செக்கிங், பேக்கிங், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சீசன் கடைகள், பைக் இருந்தால் உணவு டெலிவரி. அந்தப் பணம் அடுத்த பருவத்தின் கட்டணமாகவோ விடுதிக் கட்டணமாகவோ வீட்டுக் கடனின் ஒரு தவணையாகவோ மாறிவிடும். இதே வாரங்களுக்குக் கல்லூரியும் இப்போது ஒரு வேலை வைத்திருக்கிறது. அதன் பெயர் இன்டர்ன்ஷிப். பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இளநிலை மாணவர்களுக்கு நான்காம் பருவத்துக்குப் பின் 60 முதல் 120 மணி நேரப் பயிற்சியும் அதற்கு 2 முதல் 4 கிரெடிட்டும் என்கிறது. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டங்களிலும் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு. சம்பளம் உண்டா என்பதை மட்டும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். பட்டத்துக்குக் கட்டாயமான வேலைக்கு ஊதியமும் கட்டாயமாக வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில், மாணவர் கூலிக்குச் செய்யும் வேலையையே பயிற்சியாகக் கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாட்டின் விகிதம் 47 விழுக்காடு என்றும், நாட்டின் சராசரி 28.4 என்றும் 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொன்னது. இந்த உயரத்தை எட்டியதில் முதல் பட்டதாரிகளின் பங்கு பெரிது. அவர்களிடம் கோடை நாட்களை வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் தருவது, மாமாவின் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுந்துவரக்கூடிய மாணவருக்கும் அவர்களுக்கும் ஒரே விலையைச் சொல்வதாகிவிடும். அரியலூர் மாணவிக்கு சென்னையில் சம்பளமில்லாப் பயிற்சி கிடைத்தால் அறை வாடகையும் சாப்பாடும் அவள் கணக்கில்தான் ஏறும். இந்த இடைவெளியில் ஒரு சந்தையே முளைத்திருக்கிறது. ‘இன்பிளான்ட் டிரெயினிங்’ என்று மாணவரிடமே கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் ஒருபக்கம், வராமலேயே சான்றிதழ் தரும் புராஜெக்ட் சென்டர்கள் மறுபக்கம். வேலைக்குப் போகிறவர் முதலாளிக்குப் பணம் கொடுக்கும் இந்த விசித்திரத்தைத் துறைத் தலைவர்கள் அறியாதவர்கள் அல்ல. கோப்பில் சான்றிதழ் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

தூரமும் செலவும் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு ஒன்றிய அரசின் சொந்த அனுபவமே சாட்சி. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், மாதம் 5,000 ரூபாயும் ஒருமுறை 6,000 ரூபாயும் தருவதாகச் சொன்னது. முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டும், போய்ச் சேர்ந்தவர்கள் 9,000 பேர்கூட இல்லை. இடம் தொலைவு, காலம் நீளம் என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. காசு கொடுத்தும் இந்த நிலை என்றால், காசே இல்லாத பயிற்சிக்கு யாரால் போக முடியும்? முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சுற்றில் இடமே இருக்கவில்லை என்பது வேறு.

கற்றுக்கொள்வதே கூலிதானே என்பது பழைய வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ படத்தயாரிப்பில் ஊதியமின்றி வேலை செய்தவர்கள் தொடுத்த வழக்கில், 2013இல் கீழமை நீதிமன்றம் அவர்கள் ஊழியர்களே என்றது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதிகப் பயன் யாருக்கு என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று அளவுகோலை மாற்றியது. நியாயமான அளவுகோல்தான். ஆனால், அதை வைத்து அளந்து பார்க்க நம்மிடம் யார் இருக்கிறார்கள்? பில் போடவும் போனில் வாடிக்கையாளரிடம் பேசவும் வைத்துவிட்டு ‘எக்ஸ்போஷர்’ என்று எழுதிக்கொடுத்தால் கேட்பாரில்லை. படிப்போடு சேர்ந்த பயிற்சிக்குப் பணம் தருவது நமக்குப் புதிதும் அல்ல. எம்.பி.பி.எஸ். முடிக்க ஹவுஸ் சர்ஜனாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு உதவித்தொகை உண்டு. சி.ஏ. மாணவரின் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, தொகை சொற்பமானாலும், குறைந்தபட்ச அளவு விதியிலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளர் அல்லர் என்று சொன்ன கையோடு உதவித்தொகையையும் வேலை நேர வரம்பையும் விபத்து இழப்பீட்டையும் உறுதிசெய்கிறது. பி.காம். மாணவிக்கு மட்டும் இவற்றில் ஒன்றுமில்லை. ‘பயிற்சி’ என்ற பெயரில் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் குறைந்த கூலிக்கு நூற்பாலைகளில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தைப் பார்த்த மாநிலம் இது. அந்தப் பெயரை இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும்.

ஊதியம் கட்டாயம் என்றால் சிறு நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். தொகை எவ்வளவு என்று பார்ப்போம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். மானியக் குழு சொல்லும் உச்ச அளவான 120 மணி நேரம் என்பது எட்டு மணி நேரக் கணக்கில் 15 நாள். அதாவது 5,040 ரூபாய். இதைக்கூடத் தர முடியாத பட்டறைகளும் அலுவலகங்களும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே அரசு பங்கேற்கலாம். கனடாவின் கோடை வேலைத் திட்டம் சிறிய தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரையும், லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு முழுவதும்கூடத் தருகிறது. நம் தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்திலும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஈடுசெய்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வழியாக மாணவர் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக அனுப்பும் ஏற்பாடு மாநில அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் கல்லூரிகளையும் நிறுவனங்களையும் இணைத்துவருகிறது. இவற்றை ஒன்றோடொன்று கோப்பதுதான் பாக்கி.

புடவைக் கடையில் நிற்பதற்கு கிரெடிட்டா என்று பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம். இயற்பியல் மாணவர் மூட்டை தூக்கினால் அது இயற்பியல் பயிற்சியாகாது, அதில் தகராறில்லை. ஆனால், ஜி.எஸ்.டி. பில், இருப்புக் கணக்கு, கடன் வசூல், சீசனுக்கு முன்னால் சரக்கு பிடிப்பது ஆகியவற்றை வணிகவியல் மாணவி ஜவுளிக்கடையில் பார்ப்பதுபோல் எந்த மாதிரி அலுவலகத்திலும் பார்க்கப்போவதில்லை. பொருளாதாரம் படிப்பவருக்கு டெலிவரி செயலியின் கூலிக் கணக்கைவிட நல்ல ஆய்வுப் பொருள் எது? மதிப்பெண் வேலையின் பெயருக்கு வேண்டாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி, எது பாடத்தோடு பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று மாணவர் எழுதித் தரும் அறிக்கைக்கும், அதை வைத்து ஆசிரியர் நடத்தும் நேர்காணலுக்கும் இருக்கட்டும். புராஜெக்ட் சென்டர் சான்றிதழால் அந்த நேர்காணலைத் தாண்ட முடியாது. ஆசிரியருக்கு இது கூடுதல் சுமைதான். பணிச்சுமைக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். ஊதியத்துக்கு அரசாணையும் நிதியும் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். கூலி வேலையை அங்கீகரிக்க அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே அதற்கான விதியை முன்மொழிந்து, கல்விக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பிவிடலாம்.