தப்புன்னு சொன்னா மட்டும் போதுமா?

தோழிகளே, தோழர்களே, ரெண்டு நிமிஷம் நின்னு இதைப் படிச்சிட்டுப் போங்க.

நான் அஞ்சாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினேன். சிவப்பு மையில் தப்பு போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றையிலிருந்து கணக்கு வகுப்பில் நான் கை தூக்கவே இல்லை. ஏன் தப்பு என்று எட்டாம் வகுப்பு வரை எனக்குப் புரியவில்லை. மீ.சி.ம. எடுக்கணும் என்று மனப்பாடம் மட்டும் செய்து வைத்திருந்தேன்.

2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது டி.வி.யிலும் அப்பா போனிலும் பாடம் பார்த்தோம். சந்தேகம் வந்தால் கேட்க முடியாது. இப்போது போனில் கேள்வி கேட்கும் பாடங்கள் நிறைய வந்துவிட்டன. என் தம்பி ஒன்றில் பத்துக்குப் பத்து வாங்கினான். எப்படி என்று பார்த்தேன். சரியைத் தொட்டால் பச்சை, தப்பைத் தொட்டால் சிவப்பு. பச்சை வரும் வரைக்கும் நாலு விடையையும் ஒண்ணொண்ணா தொடுறான்! “என்னடா பாடம் இது?”ன்னு கேட்டால் “தெரியலக்கா”ங்கிறான்.

இது பாடமா? அதனால்தான் நான் சொல்கிறேன்: தப்புன்னு சொல்வது பாடம் இல்லை, ஏன் தப்புன்னு சொல்வதுதான் பாடம்.

இது புதுக் கவலையும் இல்லை. 1953-ல் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். தாங்கள் போட்டது சரியா தப்பா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. முடித்தவர்களும் முடிக்காதவர்களும் ஒரே வேகத்தில்தான் போக வேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். சின்னச் சின்னப் படியாகக் கேள்வி வரும், விடை எழுதியதும் சரியா என்று உடனே தெரிந்துவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போலத்தான்.

இந்த வருஷம் எங்கள் டீச்சர் கணினி அறையில் ஸ்லைடில் ஹைப்பர்லிங்க் போடக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அஞ்சாம் வகுப்புக்காக ஒரு பின்னப் பாடம் செய்தோம். முதலில் பூ, பட்டாம்பூச்சி எல்லாம் வைத்தோம். தப்பு விடைக்குத் தவளை கத்துகிற சத்தமும் வைத்தோம். ஒரு பாப்பாவிடம் கொடுத்தோம். அவள் தவளைக்காகவே திரும்பத் திரும்பத் தப்பு விடையையே தொட்டாள்! எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

தவளையை எடுத்துவிட்டு மறுபடி யோசித்தோம். இப்போது 2/5 என்று தொட்டால் வேறு ஸ்லைடு வரும். “அரை கொழுக்கட்டையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். ஆனால் 2/5 அரையை விடக் குறைவு ஆச்சே! சேர்த்தால் குறையுமா?” என்று கேட்கும். 2/6 தொட்டால், “கீழே 6 சரிதான், மேலே உள்ள எண்ணை மாற்றினாயா?” என்று கேட்கும். பிறகு, ஆறு துண்டாக வெட்டிய படம் வரும். அரைக்கு 3 துண்டு, மூன்றில் ஒன்றுக்கு 2 துண்டு, ஆக 5/6. அந்தப் பாப்பா, “ஓ, ஒரே அளவு துண்டா வெட்டணுமா!” என்றாள். எனக்கு நாலு வருஷம் ஆனது அவளுக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்தது.

“டீச்சர் இருக்கும்போது கணினி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். டீச்சருக்கு ஈடு எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் முகத்தைப் பார்த்தே புரியலைன்னு கண்டுபிடிப்பார். கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதனால்தான் பாடம் செய்பவர் எங்கே தப்பு வரும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் கணினியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை தடவை தப்பு செய்தாலும் அது சிரிக்காது.

எச்5பி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற மாதிரி இணையப் பாடம் செய்யலாம். அதையும் கற்க ஆசை. ஆனால் மென்பொருளை விட முக்கியம், எங்கே தப்பு வருகிறது என்று தெரிவதுதான். அது நம்மிடம்தானே இருக்கிறது!

எனவே தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ‘தப்புப் பெட்டி’ வையுங்கள். பேர் எழுதாமல் நாங்கள் தப்பாகப் போட்ட கணக்கை அதில் போடுகிறோம். அதை வைத்து மாதம் ஒரு பாடம் செய்து தருகிறோம்.

முதல் சீட்டு என்னுடையது: 1/2 + 1/3 = 2/5. இதில் மட்டும் பேர் எழுதியே போடுவேன். இனிமேல் யார் சிரித்தாலும் பரவாயில்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி